வெறும் வயிறு

ஆறு மணிப் படகில்
நாங்களும் சில மோட்டார் சைக்கிள்களும்தான்.
பட்டர்வொர்த் விளக்குகள் பின்னால் போகப் போக
முகிலரசன் என் பையைத் தடவுகிறான்.
உள்ளே ரொட்டி இருப்பது அவனுக்குத் தெரியும்.
இரத்தம் எடுக்கும்வரை பசியாறக் கூடாது என்பதை
நான்கரை வயதுக்கு எந்தக் கையசைவில் சொல்வது?
விரல்களைக் குவித்து வாயில் தட்டுகிறான்:
பசி.
அது அவனுடைய சொல்,
நாவில் இடம் கிடைக்காமல் விரலுக்குக் குடிவந்தது.

பாரத்தில் ஒரு கட்டம்:
பிள்ளை பேசும் சொற்கள் எத்தனை?
பதினொன்று என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினேன்.
'பால்' போன மாதமே போய்விட்டது.
'அப்பா' வெள்ளிக்கிழமை வந்தது,
தெளிவாக, இரண்டு முறை, குளியலறை வாசலில்.
சனிக்கிழமை தேடினான்.
உதடுகள் கூடின, பிரிந்தன, கூடின.
சாவியை எங்கோ வைத்துவிட்டவன் மாதிரி
என் முகத்தைப் பார்த்தான்.

காது சோதனை முன்பே முடிந்தது. நன்றாகக் கேட்கிறதாம்.
கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுததும்
கேட்டிருக்கும்.

நாத்தனார் ஈப்போவிலிருந்து வசம்பு அனுப்பியிருந்தாள்,
சுட்டுத் தேனில் உரைத்து நாவில் தடவச் சொல்லி.
அந்தி சாய்ந்தால் அதன் பெயரை உச்சரிக்க மாட்டார்கள்,
பேர் சொல்லாதது என்பார்கள்.
பேர் சொல்லாததைப் பேர் சொல்லாதவனுக்கா?
சிரித்துவிட்டு இழுப்பறையில் போட்டேன்.
தூக்கி எறியவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்களைக் கூப்பிடும் இயந்திரத்துக்கு வாயில்லை.
ஆயிரத்து நாற்பத்திரண்டு, மூன்றாம் அறை
என்று மலாயில் பிசிறில்லாமல் சொல்கிறது.
முகில் அதன் கீழே போய் நின்று
பெட்டிக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்க்கிறான்.

தாதி ரொஹானா கையுறை மாட்டிக்கொண்டே கேட்கிறார்:
"அடேக், நாமா அப்பா?"
தம்பி, பேர் என்ன.
அவர்கள் மொழியில் அப்பா என்றால் என்ன.
முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டை இறுகுகிறது,
ஊசி,
அவன் தலையை என் கழுத்துக்குள் அழுத்திக்கொள்கிறேன்,
அங்கிருந்து சூடாக ஒரு காற்று:
"...ப்பா."
"பண்டாய்!" என்கிறார் தாதி. கெட்டிக்காரன்.
கேள்வியைத் திருப்பிச் சொன்னானா,
பிறையில் இரவு வேலை முடிந்து
இந்நேரம் அட்டை தட்டிக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டானா,
வெறும் வலியா?
பத்து என்று திருத்தப் பாரத்தைத் தேடினேன்.
அதை முகப்பிலேயே கொடுத்தாயிற்று.

நான்கு குப்பிகள், நான்கு நிற மூடிகள்.
ஒன்று கோலாலம்பூருக்குப் போகும். மூன்று மாதமாகும்.

இரண்டு வாரம் கழித்து டாக்டர் ஊய்
காகிதத்தில் வட்டம் போடுகிறார்.
இரும்புச் சேமிப்பு ஒன்பது. வைட்டமின் டி போதாது.
வெள்ளையாக இருப்பதை மட்டும் தின்கிற பிள்ளைக்கு
இது நடப்பதுதான்.
ஒன்பது சொல், ஒன்பது இரும்பு.
"அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார்,
நான் வாயே திறக்கவில்லை.
"இது உடம்புக்கு. பேச்சுக்குப் பயிற்சிதான்.
மீன் எண்ணெய் வேண்டுமென்றால் அளவோடு கொடுங்கள்,
அதனிடம் போய்ச் சொற்களைக் கேட்காதீர்கள்."
நல்ல மனுஷன்.
அன்றைக்கு எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

இப்போது என் வேலை ஒளித்து வைப்பது.
கஞ்சி வெள்ளையாகவே இருக்க வேண்டும்,
உள்ளே முட்டை கரைந்திருக்க வேண்டும்,
தௌஹு மசிந்திருக்க வேண்டும்.
இரும்பு மருந்து பல்லில் படாமல் உறிஞ்சு குழாயில்,
முடிந்ததும் கைதட்டல், நானே தட்டிக்கொள்வது.
மீன் எண்ணெய் மாத்திரையைத் தையல் ஊசியால் குத்தும்போது
மேசைக்கு அந்தப் பக்கம் முகில்
தன் முழங்கை மடிப்பைப் பொத்திக்கொள்கிறான்.

பிறகு கண்ணாடி முன்னால் பயிற்சி. ப. பா. ப.
மூன்றாம் தடவை அவனுக்குக் கோபம் வருகிறது.
ஐந்தாம் தடவை எனக்கு.

காலை எட்டுக்கு அவர் வருகிறார்,
சப்பாத்தைக் கழற்றாமலே குனிந்து,
"பசியாறிட்டியாடா?"
முகில் அவரையே பார்க்கிறான்.
உதடுகள் கூடுகின்றன, பிரிகின்றன.
பிறகு விரல்களைக் குவித்து
அவர் வாயில் தட்டுகிறான்.